நான்காம் பெஞ்ச், ஆறாவது பயிற்சி

பிப்ரவரி 6, வெள்ளி

நூறு,

எதிலும் நூறு கேட்கிறவள் என்று நான் வைத்த பட்டப்பெயர் போதும், 'அன்புள்ள' என்று தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசவும் வழியில்லை. என் போனையும் லேப்டாப்பையும் கல்லூரி விசாரணைக் குழு வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டது. அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தானின் பிரின்ட் கடைக் கம்ப்யூட்டரில், வருகிற ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து இந்த மெயிலைத் தட்டுகிறேன்.

நீ குழுவிடம் சொன்னதை எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். "நினைச்சா ஒரு நிமிஷத்துல மேல் ஹாலையே காலி பண்ணிருவேன்னு சொன்னான்." சொன்னேன். வாய்க்கொழுப்பு. நீயும்தான் சிரித்தாய். சிரித்ததைச் சொன்னாயா?

அன்று லேப்பில் நமக்கு ஏழாவது பயிற்சி. காற்றில் துணுக்குத் துணுக்காகப் போகும் வைஃபை பாக்கெட்டுகளைப் பிடித்துப் படிப்பது. நம் பெஞ்சின் பாக்கெட்டுகளை மட்டும் பிடிக்கச் சொல்லித் தாளில் இருந்தது. நான் எல்லாவற்றையும் பிடித்தேன். தப்புதான். ஆனால் பிடிப்பது என்றால் காதைத் தீட்டிக் கேட்பது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ரேடியோவைத் தெருவில் நின்று கேட்டால் ரேடியோ நின்றுபோகாது. அதே நேரம் மேல்மாடி ஹாலில் நர்சிங் பிரிவுக்கு ஆன்லைன் தேர்வு. அறுபத்திரண்டு பேருக்கும் வைஃபை அறுந்து அறுந்து வந்தது. மூன்று முறை அறுந்தால் தேர்வு மென்பொருள் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. கீழே ஓடி வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்த என் திரை. தோண்டினால் இணைப்பைத் துண்டிக்கிற டூல் ஒன்றும் கிடைத்தது. இறக்கி வைத்திருந்தேன். ஒரு நாளும் ஓட்டியதில்லை. யார் நம்புவார்கள்? நீ நம்பியிருக்கலாம்.

இருபதாம் தேதி கடைசி விசாரணை. நீக்கினால் சான்றிதழில் காரணத்தை எழுதித்தான் அனுப்புவார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் என்னை வாசலில்கூட நிறுத்தாது.

உனக்கு ஒரு வேலை. அன்று பிடித்த கோப்பின் நகல் உன் பென்டிரைவில் இருக்கிறது, ரெக்கார்டு எழுத நீ எடுத்தாய். அதில் 'இணைப்பைத் துண்டி' என்று சொல்லும் பாக்கெட்டுகளைத் தேடு. ஒவ்வொன்றுக்கும் சிக்னல் அளவு பதிவாகியிருக்கும். ஹாலில் வைத்த, வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கே கிறுக்குப் பிடித்துத் தன்னோடு இணைந்தவர்களைத் தானே துரத்தியிருந்தால், கான்கிரீட்டைத் தாண்டி வருவதால் அளவு மெலிந்திருக்கும். மைனஸ் எழுபது வாக்கில். அது போதும் எனக்கு.

உதவி என்று கேட்கவில்லை. நீ தள்ளிவிட்ட குழி, ஏறக் கையை நீட்டு.

குடுக்கை


பிப்ரவரி 7, சனி

அவசரக்குடுக்கைக்கு,

நான் சிரித்ததையும் சொன்னேன். அந்த வரியை உனக்குப் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. துறைத்தலைவர், "ஏம்மா, இது சிரிக்கிற விஷயமா?" என்று கேட்டார். அம்மாவை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கேட்டார்கள், சொன்னேன். 'அவன் அப்படி ஏதாவது சொன்னது உண்டா?' என்று முகத்துக்கு நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அளவு தப்பாக வந்தால்கூட ரெக்கார்டில் மாற்றி எழுத மாட்டேன் என்று நீதானே என்னைக் கிண்டல் செய்வாய்? அப்போது அது கிண்டல். இப்போது துரோகமா?

நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. உன்னை அழைத்துக்கொண்டு போன பிறகு நான் வெளியே வந்தேன். நர்சிங் பெண் ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. விரலால் தன் முழங்கால் மேல் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள், எழுதிய விடைகள் மறந்துவிடக் கூடாது என்று. ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் தயாராக இருக்கிறதாம், இந்தத் தேர்வு மட்டும்தான் பாக்கி. என்னைப் பார்த்ததும், "திரும்ப ஓபன் ஆயிரும்ல அக்கா?" என்றாள். என்னைவிட அவளுக்கு வயது கூடத்தான் இருக்கும். லேப்பிலிருந்து வருகிறவளுக்குத் தெரியும் என்று நினைத்து ஒரு அக்கா போட்டாள். 

கோப்பைத் திறக்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. என்ன நடந்தது என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

நூறு


பிப்ரவரி 9, திங்கள்

குடுக்கைக்கு,

துண்டிப்புப் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் அனுப்பியவர் முகவரி ஹாலின் ஆக்சஸ் பாயின்ட்தான். அதுவரைக்கும் நீ சொன்னது சரி.

ஆனால் அளவு மைனஸ் எழுபது இல்லை. மைனஸ் முப்பத்து நாலு.

அதே முகவரியிலிருந்து ஒழுங்காக வந்த மற்ற பாக்கெட்டுகளையும் பார்த்தேன். அவை மைனஸ் எழுபத்து மூன்று. ஒரே முகவரி, இரண்டு தூரம். முதல் பயிற்சியில் நீ போனைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் அளவு குறித்தேனே, அந்த அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஆள் பக்கத்தில். முப்பதுகளில் இருந்தால் அதே அறை. ஹால் கருவியின் பெயரைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் நம் லேப்புக்குள்ளிருந்து.

அந்த அறையில் அந்த டூல் ஒரே ஒரு லேப்டாப்பில்தான் இருந்தது.

பூசி மெழுகாமல் கேட்கிறேன். நீதானா? இந்தக் கோப்பை நானாகக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். கேட்டால் மறைக்கவும் மாட்டேன். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீ என்னிடம் சொல்.

நூறு


பிப்ரவரி 10, செவ்வாய்

நூறு,

நீதானா என்று கேட்கிறாய். ஒரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என் எழுத்து புரியவில்லை என்று எனக்கும் சேர்த்து ரெக்கார்டு எழுதியவள் கேட்கிறாய்.

இதற்கு மேல் ஒரு பக்கம் எழுதி அழித்துவிட்டேன். அத்தான் பின்னாலிருந்து, "மாப்ள, அது கீபோர்டு, குத்துச்சண்டைப் பை இல்ல. மெதுவா தட்டு" என்கிறார்.

மெதுவாகவே தட்டுகிறேன். கவனமாகப் படி. ஒரு வைஃபை அட்டை, தான் அனுப்புவதைத் தானே கேட்காது. என் லேப்டாப் அனுப்பியிருந்தால் அந்தப் பாக்கெட்டுகளும் கோப்பில் ஏறியிருக்கும், ஆனால் சிக்னல் அளவுக்கான கட்டம் காலியாக இருக்கும். காதில் விழாததற்கு ஏது அளவு? இது லேப் சார் கொடுத்த குறிப்பிலேயே இருக்கிறது. நீ பச்சை மையில் அடிக்கோடு போட்ட பக்கம். அடிக்கோடு போட்டால் போதாது, படிக்கவும் வேண்டும்.

திரும்பப் போய்ப் பார். கட்டம் காலியாக ஒரு பாக்கெட் இருந்தால் நானே குழுவிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். இல்லை என்றால் அந்த அறையில் இன்னொரு வாய் இருக்கிறது. அது யாருடையது என்று கண்டுபிடி. என்னால் உள்ளே வர முடியாது. இருப்பது நீ ஒருத்திதான்.

குடுக்கை


பிப்ரவரி 12, வியாழன்

குடுக்கைக்கு,

காலி ஒன்றுகூட இல்லை. கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டேன். உன்னைக் கேட்டது தப்பு. மன்னித்துக்கொள். கேட்காமல் சந்தேகப்பட்டிருந்தால் அது இதைவிடப் பெரிய தப்பாகியிருக்கும் என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். கொஞ்ச நாளாகவே லேப்புக்குள் யாருக்கும் ஹாட்ஸ்பாட் நிற்பதில்லை. இணையும், உடனே அறுந்துவிடும். சுவர் தடிமன், கம்பி அதிகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று காலை முகம் கழுவும்போது உறைத்தது. சுவர் சிக்னலை மெலிய வைக்கும். இணைந்ததைப் பிடித்து வெளியே தள்ளாது.

உணவு இடைவேளையில் லேப் உதவியாளர் அண்ணனிடம் அவர் போனைக் கேட்டு வாங்கி, என் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொண்டு நடந்தேன். படிக்கட்டில் இணைப்பு அறாமல் இருந்தது. வாசலில் ஆடியது. உள்ளே காலை வைத்ததும் அறுந்தது. அறுக்கிற பாக்கெட்டின் அளவை என் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே பெஞ்ச் பெஞ்சாகப் போனேன். கடைசி வரிசையில் மைனஸ் ஐம்பது. நம் பெஞ்சில் முப்பத்து நாலு. கரும்பலகை அருகே இருபத்தெட்டு.

"ஏம்மா, என் போனை வச்சுக்கிட்டு எலி பிடிக்கிற மாதிரி சுத்துற?" என்றார் அண்ணன்.

"எலி அங்க இருக்குண்ணே" என்று மேலே காட்டினேன்.

கரும்பலகைக்கு மேலே கூரையில் ஒட்டியிருக்கிறதே, பயிற்சிக்கென்று வைத்த நம் லேப்பின் வைஃபை பெட்டி, அதுதான். அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி அதன் வயரைப் பிடுங்கினார். ஹாட்ஸ்பாட் அறாமல் இருந்தது. மறுபடி சொருகினார். அறுந்தது. "அடப்பாவி, இத்தனை நாளா இதுவா?" என்று அதை ஒரு தட்டு தட்டினார்.

ஏன் அப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நூறு


பிப்ரவரி 13, வெள்ளி

நூறு,

பெட்டி! கடையில் எழுந்து நின்று கத்திவிட்டேன். திருமணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பயந்துபோய் வெளியே போய்விட்டார்.

எனக்குத் தெரியும் ஏன் என்று. ஆறாவது பயிற்சி நினைவிருக்கிறதா? பக்கத்தில் அந்நிய ஆக்சஸ் பாயின்ட் ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பெட்டியை வைத்துக் கண்டுபிடித்தோமே. கண்டுபிடிப்பதோடு அதை விரட்டவும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். தாளில் அந்தப் பகுதி இல்லை. எவனோ அதிகப்பிரசங்கி அதையும் ஆன் செய்திருக்கிறான். பெஞ்ச் பாஸ்வேர்டு போட்டுப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போ. பாதுகாப்பு என்ற பகுதியைத் திற. திறந்து பார்த்து, எந்த முட்டாளின் வேலை என்று கண்டுபிடி. அவன் தோலை நான் வந்து உரிக்கிறேன்.

சனி, ஞாயிறு லேப் பூட்டியிருக்கும் என்று நினைக்கும்போதே பைத்தியம் பிடிக்கிறது.

குடுக்கை


பிப்ரவரி 16, திங்கள்

குடுக்கைக்கு,

முட்டாளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

'அந்நியக் கருவிகளைத் தானாக விரட்டு' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. நீ சொன்னது சரி. பட்டியலில் இல்லாத ஆக்சஸ் பாயின்ட் எது பக்கத்தில் முளைத்தாலும், பெட்டி அதன் பெயரையே போட்டுக்கொண்டு அதில் இணைந்தவர்களைத் துண்டித்துக்கொண்டே இருக்கும். ஹாலில் தேர்வன்று மட்டும் கொண்டுவந்து வைக்கிற கருவி நம் பட்டியலில் எப்படி இருக்கும்?

அந்தப் பக்கத்தின் உச்சியில் பாதுகாப்பு மதிப்பெண் என்று ஒன்று தெரிகிறது. நூறு. அதைப் பார்த்ததும் நம் ரெக்கார்டைப் புரட்டினேன்.

ஆறாவது பயிற்சியன்று கடைசி முறை நம் பெஞ்சுக்கு. தாளில் சொன்னபடி டிக் போட்டதும் எழுபத்தெட்டு வந்தது. நமக்கு முன்னால் செய்த பெஞ்சுக்கு எண்பத்தைந்து. எழுபத்தெட்டை ரெக்கார்டில் ஒட்ட மாட்டேன் என்று நான் அடம் பிடித்தேன். நீ பையை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்று கத்தினாய். "எல்லாத்தையும் ஆன் பண்ணித் தொலை, பஸ் போயிரும்!" இருந்த கட்டங்களுக்கெல்லாம் டிக் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. நூறு வந்தது. படம் எடுத்தேன், உன் பின்னால் ஓடி வந்தேன். நமக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

நீ சொன்னாய், நான் அழுத்தினேன். தோலை உரிப்பதென்றால் இரண்டு தோல்.

இப்போது பிரச்சினையைக் கேள். நாளை மறுநாள் புதன் காலை அதே ஹாலில் மறுதேர்வு. அதே நேரம் கீழே முதலாண்டுக்கு லேப். பெட்டி ஓடும். இதுவும் கெட்டால் இந்தப் பருவத்தில் அவர்களுக்கு வேறு தேதி கிடையாது.

நான் டிக்கை எடுத்துவிட்டால் தேர்வு சுகமாக நடக்கும். குழு என்ன சொல்லும்? 'அவன் இல்லாத நாளில் எவ்வளவு ஒழுங்காக நடந்தது பார்' என்று சொல்லும். எடுக்காமல் விட்டால், நீ ஊரில் இல்லாதபோதே எல்லோருக்கும் அறுந்துபோகும். உனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

லேப் சார் வேறு கல்லூரிக்குத் தேர்வு நடத்தப் போயிருக்கிறார், புதன் மதியம்தான் வருவார். துறைத்தலைவர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க ரெண்டு பேரைப் பத்தி எதுவா இருந்தாலும் விசாரணைல பேசு. இப்ப கேட்க மாட்டேன், போம்மா" என்றார். திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் கை வைக்கவில்லை. சொல்.

நூறு


பிப்ரவரி 16, திங்கள், மாலை

நூறு,

கை வைக்காதே.

உன் படம் செல்லாது. நீயே ஆன் செய்துவிட்டுப் படம் எடுத்தாய் என்பார்கள். பெட்டியைத் தினமும் அணைப்பதால் பழைய பதிவு எதுவும் அதில் தங்காது. உதவியாளர் அண்ணனும் போன வாரம் பார்த்ததைத்தான் சொல்வார், தேர்வன்று பார்த்ததை இல்லை. என்னிடம் இருக்கிற ஒரே ஆயுதம் புதன்கிழமை. என் போன் அலமாரியில், லேப்டாப் அலமாரியில், நான் நூறு மைல் தள்ளி. அப்படியும் ஹால் அறுந்தால் எவனும் வாயைத் திறக்க முடியாது.

அறுபத்திரண்டு பேர் பாவம், எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு எப்படியாவது இன்னொரு தேதி கொடுப்பார்கள், கூட்டம் பெரிது, கத்தினால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்காகக் கத்த யார் இருக்கிறார்கள்? அறுபத்திரண்டு பேர் ஒரு காலையை இழப்பதும் ஒருத்தன் படிப்பையே இழப்பதும் ஒன்றா? கணக்கைப் போட்டுப் பார்.

நீ ஏற்கனவே ஒரு தடவை உண்மை பேசி என்னை மாட்டிவிட்டாய். இந்தத் தடவை எதுவும் பேச வேண்டாம். சும்மா இரு. அது போதும்.

குடுக்கை


பிப்ரவரி 17, செவ்வாய்

நூறு,

பதில் இல்லை. காலையிலிருந்து மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

அத்தான் நேற்றைய கடிதத்தை என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டார். "மாப்ள, அத்தனை பேர் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிட்டா நீ பட்டம் வாங்கப் போற?" என்றார். உங்கள் மெஷினில் பேப்பர் சிக்கியிருக்கிறது, போய் அதைப் பாருங்கள் என்றேன். பார்க்கப் போனார். சிக்கவில்லை.

சரி, நீயே முடிவு செய்.

இல்லை. அப்படி எழுதினால் நீ எடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். எடுக்காதே. விட்டுவிடு. தயவுசெய்து. இந்த வார்த்தையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

கடை மூடப்போகிறார்கள். ஒரு வரியாவது எழுது.

குடுக்கை


பிப்ரவரி 18, புதன்

குடுக்கைக்கு,

எடுத்துவிட்டேன். நேற்றே எடுத்துவிட்டேன், உன் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்னால். உனக்குச் சொன்னால், நீ கெஞ்ச, நான் மறுபடி போட்டுவிடுவேன் என்று பயம். அதனால்தான் எழுதவில்லை.

இன்று காலை ஹால் வாசலில் நின்றேன். யாருக்கும் அறுந்துபோகவில்லை. எல்லோரும் முடித்துவிட்டு வெளியே வந்தார்கள். கண்காணிப்புக்கு இருந்தவர் என்னைத் தாண்டிப் போகும்போது பக்கத்தில் வந்தவரிடம், "பாத்தீங்களா, அந்தப் பையன் இல்ல, பிரச்சினையும் இல்ல" என்றார். நான் பயந்தது அப்படியே நடந்தது.

மதியம் லேப் சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டது என் கை என்பதையும். பெட்டியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மதிப்பெண்ணைக் கூட்டுறதுக்கா போட்ட?" என்றார். ஆமாம் என்றேன். விசாரணையில் அதைத் திரும்ப ஆன் செய்து குழுவின் போன்களிலேயே காட்டலாம் என்கிறார். ஆனால் அது எப்படி நடக்கும் என்று காட்டுமே தவிர, எப்போது, யாரால் என்று காட்டாது. "அவனைக் காப்பாத்த நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின கதைன்னு கேட்பாங்க. என்ன சொல்லுவ?"

கடிதங்கள் இருக்கின்றன என்றேன். ஆறாம் தேதியிலிருந்து, தேதியோடு. எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது அதில் படிப்படியாக இருக்கிறது. "அப்ப முழுசா குடு. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் முந்தினது ஒட்டியிருக்கும், நடுவுல ஒண்ணை உருவினா தெரிஞ்சிரும்" என்றார்.

பதினாறாம் தேதி மாலைக் கடிதத்தை அவருக்கு நான் காட்டவில்லை. அதைக் கொடுத்தால் நீ என்ன கேட்டாய் என்று குழு படிக்கும். கொடுக்காவிட்டால் எதுவுமே நிற்காது. நான் யோசித்துப் பார்த்தேன். மற்ற கடிதங்களை யார் வேண்டுமானாலும் ஜோடித்திருக்கலாம். அந்த ஒன்றை ஜோடிக்க மாட்டார்கள். நல்லவனாகக் காட்டிக்கொள்ளக் கதை கட்டுகிறவன் அப்படி எழுதுவானா?

அது நீ எனக்கு எழுதியது. உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

நூறு


பிப்ரவரி 19, வியாழன்

நூறு,

நீ எடுத்துவிட்டாய் என்று படித்ததும் நாற்காலியை உதைத்தேன். அத்தான் அதை நிமிர்த்தி வைத்தார். கடைக்கு வெளியே போய் நின்றேன். உனக்கு எழுத வேண்டிய வசவுகளை வரிசையாக அடுக்கினேன். நல்ல வசவுகள். ஒன்றையும் எழுதப்போவதில்லை.

உள்ளே வந்து பதினாறாம் தேதிக் கடிதத்தைத் திறந்து படித்தேன். 'கணக்கைப் போட்டுப் பார்' என்று எழுதியிருக்கிறேன். எதை வைத்துப் போட்ட கணக்கு அது? அந்தப் படியில் உட்கார்ந்தவளைப் பற்றி நீ முன்பே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். தெரியாமல் எழுதினேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

வெட்கமாக இருக்கிறது. துறைத்தலைவர் அதை வாசிப்பார், என் அக்காவும் அங்கே உட்கார்ந்திருப்பாள்.

கொடு. பதினேழாம் தேதிக் கடிதத்தையும் கொடு. 'தயவுசெய்து' இருக்கிற அதே கடிதம்தான். அத்தான் இதையெல்லாம் இப்போது பிரின்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். "இதுக்கு உன்கிட்ட காசு வாங்க மாட்டேன், படிக்கிறதே போதும்" என்கிறார். நாளை நேரில் வருகிறேன். ஒரு பிரதி என் கையிலும் இருக்கும், நீ எதையும் மறைத்தாய் என்று யாரும் சொல்லக் கூடாது.

இன்னொன்று. 'நான் அழுத்தினேன்' என்பதோடு நிறுத்தாதே. கதவருகில் நின்று கத்தியவனையும் சொல். நீ விட்டாலும் நான் சொல்வேன்.

குடுக்கை


பிப்ரவரி 20, வெள்ளி

குடுக்கைக்கு,

முடிவைப் பேசும்போது உன்னை வெளியே அனுப்பிவிட்டு, சாட்சி என்று என்னை மட்டும் இருக்கச் சொன்னார்கள். முடிவு எழுத்தில் வரும் என்றதும் நீயும் அக்காவோடு நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

நீ இருக்கும்போதே பார்த்தாய், டிக் போட்டதும் துறைத்தலைவரின் போனில் இணைப்பு எப்படி விழுந்து விழுந்து எழுந்தது என்று. நீ போன பிறகு அவர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு பதினாறாம் தேதிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார், இந்தத் தடவை மனதுக்குள். "இவன் நல்லவன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதைச் செஞ்சவன் இவன் இல்ல" என்றார். உன்னை நீக்கவில்லை. சான்றிதழில் எதுவும் வராது. டூல் வைத்திருந்ததற்கும் எல்லாவற்றையும் பிடித்ததற்கும் எச்சரிக்கை. இந்தப் பருவத்து லேப் நம் இருவருக்கும் பூஜ்யம். அடுத்த பருவத்தில் முதல் பயிற்சியிலிருந்து செய்ய வேண்டும். எனக்கு இதுவரை பூஜ்யம் வந்ததில்லை. அம்மாவிடம் சொன்னேன். "சரி, சாப்பிட வா" என்றாள். ரெண்டு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

லேப் சார் உன்னையும் என்னையும் மறுபடி நான்காம் பெஞ்சிலேயே போட்டார். நான் மாற்றிக் கேட்டிருக்கிறேன். ஒன்பதாவது பெஞ்ச்.

காரணம் சொல்லிவிடுகிறேன், நீயாக ஏதாவது கற்பனை செய்வதற்குள். நீ கொடு என்று சொன்னது சின்ன விஷயம் இல்லை. வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நானே சொல்லியிருப்பேனா தெரியாது. ஆனால் பதினாறாம் தேதிக் கடிதம் வந்த மறுநாள், அதை மறுபடி படித்துவிட்டு நான் லேப்பில் அந்தக் கட்டத்தின் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்காக விட்டுவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். நீ கேட்டால் நான் எதுவரை போவேன் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு வா. பின்னால் ஒளியாமல் முன்வரிசையில் உட்கார், தப்பில்லை. என்னிடம் பேச வராதே. எப்போது பேசலாம் என்று நானே வந்து சொல்கிறேன். சொல்லாமலும் போகலாம்.

நூறு


பிப்ரவரி 21, சனி

நூறு,

சரி. நீ வரும்வரை வர மாட்டேன்.

அத்தான் கேட்கிறார், இவ்வளவு சின்னக் கடிதத்துக்கா காலையிலிருந்து கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று.

குடுக்கை